மயிற்பொறியும் மஞ்சள் பையும்

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியைப் பற்றி யாரேனும் ஒருவர் பேசாமல் நம் ஆண்டுவிழாக்கள் நிறைவு பெறுவதில்லை. அக்காலத்திலேயே தமிழன் வானூர்தி சமைத்தான் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. காவியக் கற்பனையைத் தொழிற்சாலைக் கணக்கில் சேர்ப்பது எனக்கு உடன்பாடன்று. அப்பகுதியில் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. தனக்குக் கேடு சூழ்கிறது என்று உணர்ந்த சச்சந்தன், பொறியைச் செய்வித்ததோடு நின்றுவிடவில்லை. கருவுற்றிருந்த விசயையை அதில் ஏற்றி, இயக்கவும் பழக்கினான். வலப்புறம் திருகினால் மேலெழும். இடப்புறம் திருகினால் இறங்கும். அவ்வளவே பாடம். கட்டியங்காரனின் படை அரண்மனையை வளைத்த நாளில் விசயை எவரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் கை அதை அறிந்திருந்தது.

இன்று நாம் ஏறும் விமானங்களிலும் இப்பாடம் ஒவ்வொரு முறையும் நடைபெறுகிறது. கதவடைத்து, விமானம் ஓடுபாதையை நோக்கி நகரும் வேளையில், பணியாளர் நடுவழியில் நின்று இருக்கைப் பட்டையைப் பூட்டிக் காட்டுகின்றனர். மஞ்சள் நிற முகமூடியை மூக்கருகே பிடிக்கின்றனர். இரு கைகளையும் நீட்டி வாயில்களைச் சுட்டுகின்றனர். ஒலிபெருக்கி முதலில் இந்தியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் பேசுகிறது. அடிக்கடி பறப்பவர்கள் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கிறார்கள். கண்ணிமைக்காமல் பார்த்துக் கொண்டிருப்பவர்கள் யாரென்று கவனித்திருக்கிறீர்களா? ஊரிலிருந்து மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் வந்து போகும் நம் முதியவர்கள்தாம். கோயிலில் தீபாராதனை காண்பது போன்ற மரியாதையுடன் அவர்கள் பார்க்கிறார்கள். பொருள்தான் விளங்குவதில்லை.

ஒரு காலத்தில் தில்லிக்கு வருவதென்றால் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். அதில் எவருக்கும் எதுவும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. புளியோதரைப் பொட்டலமும் கூஜாவும் இருந்தால் போதும். எதிர் இருக்கைக்காரர் போபால் வருவதற்குள் உறவினராகிவிடுவார். இப்போது சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்திற்குள் வந்துவிடுகிறோம். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை, தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் தனியாகக் கழிக்க நேர்ந்தால்?

இந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்தது. திருவாரூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழும் என் பெரியம்மா, எழுபத்து நான்காம் வயதில் கொள்ளுப்பேரனைக் காணத் தில்லிக்கு வந்தார். வரும்போது நான் உடன் வந்தேன். திரும்பும்போது தனியே செல்ல வேண்டிய நிலை. சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்தாயிற்று, சென்னையில் அழைத்துச் செல்ல ஆளும் சொல்லியாயிற்று. ஆனால் வந்த பயணத்தில் அவர் என்னிடம் கேட்டது மனத்தை விட்டு அகலவில்லை. இருக்கைப் பையிலிருந்த விளக்க அட்டையை விரித்துப் பார்த்தவர், மிதவை அங்கியில் காற்று ஊதும் குழாயை ஒருவன் வாயில் வைத்திருக்கும் படத்தைச் சுட்டி, “ஏம்ப்பா, இவன் எதுக்கு நாயனம் வாசிக்கிறான்?” என்றார்.

விமான நிலையக் கவுண்டர் ஒன்றில், தமிழில் இத்தகைய அட்டை கிடைக்குமா என்று விசாரித்தேன். “படம்தான் போட்டிருக்கிறதே, மொழி எதற்கு?” என்று அங்கிருந்த இளைஞர் புன்னகையுடன் விடையளித்தார். நாயனத்தை அவர் அறியார்.

ஆகவே, புறப்படுவதற்கு முந்திய இரண்டு மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடமே விமானமாயிற்று. இரண்டு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். பேத்தி தன் பள்ளிப் பையின் வாரை இடுப்புப் பட்டையாக்கினாள். பெரியம்மா மாணவியாக அமர்ந்தார். அதுவும் எளிதில் தலையாட்டிவிடும் மாணவியல்லர்.

இருக்கைப் பட்டையில் தொடங்கினோம். மோட்டார் காரின் பட்டையைக் கழற்றப் பொத்தானை அழுத்த வேண்டும். விமானத்திலோ உலோகப் பூட்டின் மேல்தகட்டைத் தூக்க வேண்டும். இது சிறு வேறுபாடுதான். ஆயினும் பதற்றத்தில் கை, தான் பழகியதையே தேடும். பெரியம்மாவுக்கு இதில் சிரமமே இருக்கவில்லை. “பழைய டிரங்குப் பெட்டி நாதாங்கி மாதிரி” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பட்டை வயிற்றின் மேல் இல்லாமல், கீழே இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும் என்பதையும் சேலை மடிப்பை விலக்கிச் செய்து பார்த்தார்.

அடுத்து முகமூடி. இங்கேதான் வழக்கு முற்றியது. முதலில் உங்கள் முகமூடியை அணியுங்கள், பிறகு குழந்தைக்கு உதவுங்கள் என்று அறிவிப்பு கூறுகிறது. இதைத் தமிழில் சொன்னவுடன் பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. “பச்சைப் புள்ளையப் பக்கத்துல வச்சுக்கிட்டு எனக்கு நானே மாட்டிக்கணுமா? எந்த ஊரு நியாயம் இது?” என்றார். ஐந்து பிள்ளைகளுக்குச் சோறிட்டு மிஞ்சியதை உண்டு வாழ்ந்தவர் அவர். அவரைப் போன்ற ஒரு தாய், அந்த ஆணையின் சொற்களைப் புரிந்துகொண்டாலும் அதற்குக் கீழ்ப்படிய மாட்டாள். காரணம் புரிந்தால்தான் கீழ்ப்படிவாள். அறிவிப்போ எந்த மொழியிலும் காரணத்தைச் சொல்வதில்லை.

நான் சொன்னேன். விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது வெளியே உள்ள காற்று மிகவும் அடர்த்தி குறைந்தது. குளிரோ உறைநிலைக்குக் கீழே 50 பாகைக்கும் மேல். உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி வைத்திருப்பதால், உதகமண்டலத்தில் இருப்பதைப் போல நாம் மூச்சு விடுகிறோம். அந்த அழுத்தம் திடீரெனக் குறைந்தால் தலைக்கு மேலுள்ள பலகை திறந்து முகமூடிகள் தொங்கும். அந்த உயரத்தில் ஆக்சிஜன் இன்றி ஒருவர் தெளிந்த அறிவோடு செயல்படக்கூடிய நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். மூச்சு முட்டாது, வலி தெரியாது. அறிவு மட்டும் மெல்ல நழுவும். பிள்ளையின் நாடாவோடு போராடிக் கொண்டிருக்கும்போதே தாய் மயங்கினால், பிள்ளைக்கு மாட்டிவிட அங்கே எவருமில்லை. தாய் முதலில் அணிந்தால் பிள்ளைக்கும் அணிவிக்கலாம்.

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதாவது, தான் நின்னாத்தான் புள்ளையத் தூக்க முடியும். கெணத்துல விழுந்த புள்ளைய எடுக்கப் போறவன், முதல்ல தான் கயிறு கட்டிக்கிற மாதிரி” என்றார். அந்த உவமை எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

முகமூடியைச் சுண்டி இழுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பல விமானங்களில் ஆக்சிஜன் குப்பிகளில் அடைத்து வைக்கப்படுவதில்லை. தலைக்கு மேலுள்ள சிறு கலத்தில் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. நாம் இழுக்கும்போதுதான் ஊசி விடுபட்டு, வேதிவினை தொடங்கி, வாயு பிறக்கிறது. ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு அது வரும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். குழாயோடு உள்ள பை உப்பாவிட்டாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். இந்தக் கடைசிச் செய்தி தெரியாதவர், பை உப்பவில்லையே என்று முகமூடியைக் கழற்றி எறிந்துவிடக் கூடும்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். இந்தப் பாடத்தைத் தாளில் எழுதியபோது, சங்கத்து நண்பர் ஒருவர் ‘உயிர்வளி’ என்று எழுதச் சொன்னார். இன்னொருவர் பள்ளிப் பாடநூலில் நாங்கள் படித்த ‘பிராணவாயு’வை விட மனமில்லாதவர். இரண்டும் நல்ல சொற்கள். கட்டுரையில் நானும் மகிழ்ந்து எழுதுவேன். ஆனால் 2021 ஏப்ரலில் இத்தலைநகரில் வாழ்ந்தவர்கள், மருத்துவமனை வாயில்களிலும் தெருக்களிலும் எந்தச் சொல்லைச் சொல்லி அலைந்தோம் என்பதை மறந்திருக்க மாட்டார்கள். பெரியம்மாவின் சிற்றூரிலும் அந்த ஆண்டு ‘ஆக்சிஜன்’ என்ற சொல் வீடு வீடாக நுழைந்துவிட்டது. அதையே எழுதினேன். ‘பெல்ட்’டையும் அவ்வாறே விட்டுவிட்டேன். மாறாக, ‘எமர்ஜென்சி எக்ஸிட்’ என்பது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ‘அவசர வழி’ என்றதும் விளங்கிற்று. தனித்தமிழா கலப்பா என்ற வழக்கைப் புகை சூழ்ந்த அறையில் தீர்த்துக் கொள்ள இயலாது. எது நாவில் இருக்கிறதோ அது வரட்டும்.

அவசர வழியைப் பற்றி ஒன்றே ஒன்றைப் பழக்கினேன். இருக்கையில் அமர்ந்ததும், முன்னும் பின்னும் அருகிலுள்ள வாயில் எத்தனை வரிசைக்கு அப்பால் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புகையில் கண் தெரியாது. கை இருக்கைகளின் முதுகைத் தொட்டு எண்ணிக்கொண்டே போகும். புகை மேலே நிற்குமாதலால் குனிந்து செல்ல வேண்டும். தரையோரம் ஒளிரும் விளக்குகளும் அதற்காகவே. விமானத்திலுள்ள வாயில்களுள் பாதி மட்டும் திறந்தாலும், 90 நொடிகளுக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று மெய்ப்பித்த பிறகே பெரிய விமானங்களுக்கு அனுமதி கிடைக்கிறது.

அந்த 90 நொடிகளுக்கு முதல் எதிரி பை. பெரியம்மாவின் மஞ்சள் பை எங்கள் குடும்பத்தில் பெயர் பெற்றது. வங்கிப் புத்தகம், பெரியப்பாவின் புகைப்படம், விபூதிப் பொட்டலம், மருந்துகள் அனைத்தும் அதில்தான். அதை விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்றதும் இரண்டாம் வழக்கு எழுந்தது. அப்போது டோக்கியோவில் நிகழ்ந்ததைச் சொன்னேன். 2024 ஜனவரி 2 அன்று ஹனேடா விமான நிலையத்தில், ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று தரையிறங்கும்போது கடலோரக் காவல்படையின் சிறு விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்திலிருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்தில் இருந்தவர்கள் 379 பேர். எட்டு வாயில்களுள் மூன்றையே பயன்படுத்த முடிந்தது. உள்ளே ஒலிபெருக்கி அமைப்பும் வேலை செய்யவில்லை. பணியாளர் கைக்குழலாலும் வெறுங்குரலாலுமே ஆணையிட்டனர். பயணிகள் பைகளை விட்டுவிட்டுச் சறுக்குகளில் இறங்கினர். விமானம் முழுவதும் எரிந்து போயிற்று. அதிலிருந்த 379 பேரும் பிழைத்தனர்.

“அந்தக் கூச்சல்ல அவங்க சொன்னது அவங்க பாஷையில இருந்ததுல்ல” என்றார் பெரியம்மா. பிறகு பையைத் திறந்து, பெரியப்பாவின் படத்தை மட்டும் எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை என்றேன்.

மிதவை அங்கியை அவர் பொருட்படுத்தவில்லை. தில்லிக்கும் சென்னைக்கும் இடையில் கடல் ஏது என்பது அவர் வாதம். சென்னை கடலோரத்தில்தானே இருக்கிறது என்று நினைவூட்டினேன். அங்கியை விமானத்துக்குள் இருக்கும்போது உப்பச் செய்யலாகாது, வாயிலைத் தாண்டும்போதே நாடாவை இழுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். 1996 நவம்பர் 23 அன்று, கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோ தீவருகே கடலில் விழுந்தபோது, உள்ளேயே அங்கியை உப்பச் செய்தவர்கள் பலர், நீர் ஏறியதும் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளிவர இயலாமல் மாண்டனர். இருந்த 175 பேரில் 50 பேரே பிழைத்தனர். நாயனம் போன்ற அக்குழாய், நாடா பயன்படாதபோது ஊதுவதற்கு.

நாம் ‘விமானப் பணிப்பெண்’ என்று வழங்கும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சொல் காப்பித் தட்டையே நினைவூட்டுகிறது. 1930இல் அமெரிக்காவில் முதன்முதலாக இப்பணியில் சேர்ந்த எல்லன் சர்ச் ஒரு செவிலியர். 1986 செப்டம்பர் 5 அன்று, மும்பையிலிருந்து சென்ற பான் ஆம் விமானம் கராச்சியில் ஆயுதம் தாங்கியவர்களால் கைப்பற்றப்பட்டபோது, பயணிகளை வெளியேற்றித் தன்னுயிர் நீத்த நீரஜா பனோத்தின் பணியும் இதுவே. அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. தண்ணீர் கொண்டு வருவது அவர்களின் இரண்டாவது வேலை. பெரியம்மாவிடம் நான் ‘காவல் பொண்ணு’ என்றே சொல்லிக் கொடுத்தேன், அகராதிக்காரர்கள் பொறுத்தருள்க.

இலங்கை விமானங்களில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் ஒலிக்கிறது. நம் நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் தமிழ் விமானிகள் சிலர் தாமாகவே தமிழில் வரவேற்றுப் பேசுவதைக் கேட்டுக் கைதட்டி மகிழ்ந்திருக்கிறோம். கீழே காவிரி தெரிகிறது என்று தமிழில் கேட்பது இனிமைதான். முகமூடி எப்போது விழும், அதை ஏன் இழுக்க வேண்டும் என்பதும் தமிழில் வருமானால், கைதட்டல் குறைந்தாலும் பரவாயில்லை. அதுவரை நம் கூடங்களில் இரண்டு நாற்காலி போட இடமிருக்கிறது. நான் எழுதிய தாளைச் சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் படியெடுத்துக் கொள்ளலாம்.

பெரியம்மா சென்னையில் இறங்கிய அன்றிரவு தொலைபேசியில் பேசினார். வாயில் முன்னே ஏழு வரிசை, பின்னே பதினொன்று என்று எண்ணியதைச் சொன்னார். பக்கத்தில் ஆரணியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு இருந்தாளாம். அவளுக்கும் முகமூடிக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். “மொதல்ல அவளும் சண்டைக்குத்தான் வந்தா. அப்புறம் அந்தக் கெணத்துக் கதையச் சொன்னேன்” என்றார்.