தப்பச் சொல்லு மாமா

"நல்லாருக்கு மாப்ள." முதல்ல இதைத்தான் சொன்னேன்.

தங்கச்சி மகன் செல்போனை என் காதுகிட்ட பிடிச்சுக்கிட்டு நின்னான். நாலு நிமிசம் ஓடுற பாட்டு. பாட்டுன்னு சொன்னா அதுல பாடுற வரி கிடையாது. கம்ப்யூட்டர்ல செஞ்ச அடி, தண்ணி சொட்டுற சத்தம், நடுவுல யாரோ பேசுற குரல். நான் ஒரு நிமிசத்துக்கு மேல கேக்கல. ஆலங்குடியிலருந்து புதுக்கோட்டை போற பஸ்சுக்கு நேரமாச்சு. தோளைத் தட்டி, "விடாம செய்யி"ன்னு சொல்லிட்டு நடந்தேன். அவன் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாக. நீயாச்சும் தப்பச் சொல்லு மாமா."

பஸ்ல உக்காந்து அந்த வார்த்தையையே நெனச்சுக்கிட்டுப் போனேன். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் பறைக்குப் பேரு தப்பு. பிழைக்கும் அதே பேருதான். எங்கப்பா தப்படிக்கிறவர். பள்ளிக்கூடத்துல "ஒங்கப்பன் தப்புக்காரந்தானடா"ன்னு கேட்டுச் சிரிப்பானுங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நான் அந்தத் தோலைக் கையால தொட்டதில்ல. கல்லூரிக்குப் போனப்ப அரசியல் வந்து கைகொடுத்துச்சு. தொண்ணூறுகள்ல நம்ம இயக்கங்களுக்குள்ள பெரிய விவாதம் நடந்தது. சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய இழிதொழில், அதைத் தூக்கிப் போடணும்னு ஒரு தரப்பு. அது நம்ம கலை, நிமிந்து நின்னு அடிக்கணும்னு இன்னொரு தரப்பு. நான் முதல் தரப்பு. கொள்கையாகவும் இருந்தேன், கூச்சத்தாலயும் இருந்தேன். எது எவ்வளவுன்னு இன்னிக்கும் பிரிச்சுச் சொல்ல முடியல.

மருமகன் பாட்டுல சரியா ஒரு நிமிசத்துலதான் தப்பு சத்தம் வருது. நான் கேக்குறதை நிறுத்தினதும் அங்கதான். பஸ் ஒரு சாக்கு.

விமர்சனம்ங்கிற சொல்லோட எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. படிக்கிற காலத்துல கவிதை எழுதி ஒரு வாத்தியாரிடம் காட்டினேன். ரெண்டு வரி பார்த்துட்டு, "ஒங்க ஆளுங்க எழுத வந்ததே பெரிய விசயம்பா"ன்னாரு. அதே கவிதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். கோபம் இருக்கு, கலை இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒருத்தர் தடவிக்கொடுத்தார், இன்னொருத்தர் தள்ளிவிட்டார். எந்த வரி தொங்குது, எந்தச் சொல் பொய்யா நிக்குதுன்னு ரெண்டு பேருமே சொல்லல. சொல்லணும்னா முழுசாப் படிச்சிருக்கணும். தனக்குச் சமமானவன் எழுதினது என்று நினைத்தால்தான் முழுசாப் படிக்கத் தோணும். இரக்கப்பட்டுப் பாராட்டுவதும் எட்ட நின்று ஒதுக்குவதும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை.

முப்பது வருசம் இதைப் பேசிட்டுத் திரிஞ்ச நான், சொந்தத் தங்கச்சி மகனுக்கு அந்த வாத்தியார் செஞ்சதையே செஞ்சிருக்கேன்.

பாட்டை அனுப்பச் சொல்லி வாங்கி, மூணு நாள் கேட்டேன். மொத நாள் செல்போன்லயே கேட்டேன், ஏன்னா நம்ம சனம் கேக்குறது அதுலதான். ரெண்டாவது நாள் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். மூணாவது நாள் ரேடியோ செட் வச்சிருக்கிற ஒரு சிநேகிதர்கிட்டப் போயி, பெரிய பெட்டியில போடச் சொல்லிக் கேட்டேன். நோட்டுல நிமிசம், விநாடி போட்டுக் குறிச்சுக்கிட்டேன்.

இந்த மிசின் சங்கீதமெல்லாம் நமக்கெதுக்குன்னு எனக்குள்ள ஒரு குரல் இருந்தது. வாசிச்சுப் பார்த்தபோது அது மாறிப்போச்சு. டெக்னோங்கிற இசையை 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் உருவாக்கியவர்கள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்கள். கார் தொழிற்சாலைகள் படுத்துக்கொண்டிருந்த ஊர் அது. ரோலண்ட் கம்பெனி 1980இலிருந்து 1983 வரை தயாரித்த டி.ஆர். 808 என்கிற தாள மிசின் சரியாக விற்காமல் நின்றுபோனது. பழைய சாமான் கடைகளில் சல்லிசாக வந்ததும் கையில் காசில்லாதவர்கள் அதை வாங்கினார்கள். அந்த மிசினின் அடி இன்று உலகமெங்கும் கேட்கிறது. எவனோ ஒதுக்கிப்போட்ட சாமானிலிருந்து இசை செய்வது நமக்குத் தெரியாத வித்தையா?

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கொளத்தங்கரையில போய் உக்காந்தோம். வீட்டுல வச்சுச் சொன்னா தங்கச்சி நடுவுல வந்துடும், கூட்டாளிங்க முன்னால சொன்னா அவனுக்கு முகம் செத்துரும். குறிச்சு வச்சதை எடுக்கறதுக்கு முன்னாடி, "இதுல நீ என்னாடா செய்ய நெனச்ச"ன்னு கேட்டேன்.

சொன்னான். 2022 டிசம்பர் கடைசியில் எங்க மாவட்டத்து வேங்கைவயலில், நம்ம சனம் குடிக்கிற மேல்நிலைத் தொட்டித் தண்ணியில் மலம் கலந்திருந்த சேதி வந்தப்ப அவன் பாலிடெக்னிக் படிச்சுக்கிட்டிருந்தான். ரெண்டு வருசம் விசாரிச்சு, 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்தப் பாதிக்கப்பட்ட சனத்திலேயே மூணு பேர் மேல் குற்றப்பத்திரிகை வச்சது. அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சானாம். "வார்த்தையில சொன்னா எல்லாரும் வாதாட வந்துர்றாங்க மாமா. தண்ணி சொட்டுற சத்தத்தைக் கேட்டா ஒருத்தனுக்கும் தண்ணி குடிக்கப் பிடிக்கக் கூடாது. அதுதான் வேணும்."

அந்தத் தண்ணிச் சத்தத்திலிருந்தே ஆரம்பிச்சேன். முதல் நாப்பது விநாடி எதையும் தொடாதே, அதைக் கேட்டப்ப எனக்குக் கையில இருந்த டம்ளரைக் கீழ வைக்கணும் போல இருந்துச்சுன்னேன். அவனை உச்சி குளிர வைக்க இதைச் சொல்லல. எது நிக்குதுன்னு தெரியாம திருத்துறவன் நல்லதையும் சேத்து வெட்டிருவான்.

அப்புறம் தப்புகள். "ஒண்ணு இருவதுலருந்து கிக்கு தப்பை முழுங்குது. பெரிய பெட்டியில கிக்கு மட்டுந்தான் கேக்குது, செல்லுல கிக்கு இருக்கறதே தெரியல." அவன் தலையாட்டினான். ஹெட்போன்லயே மிக்ஸ் பண்ணினதாச் சொன்னான்.

"ரெண்டு முப்பத்தஞ்சுல அம்பேத்கர் குரலைப் போட்டிருக்க. 1955ல பி.பி.சி.க்குக் குடுத்த பேட்டி அது. காந்தியைப் பத்தி, பூனா ஒப்பந்தத்தைப் பத்திப் பேசுறாரு. அதுல ரெண்டு வார்த்தையை வெட்டி எதிரொலி குடுத்திருக்க. என்னா பேசுறாருன்னே தெரியல. சுவத்துல படம் மாட்டுற மாதிரி குரலை மாட்டிருக்க." கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். பேட்டியை முழுசாக் கேக்கலைன்னு ஒத்துக்கிட்டான்.

மூணாவதாச் சொன்னதுல நான் மாட்டிக்கிட்டேன். "மூணு நிமிசத்துல வர்றது சாவு அடி. அதுல போயி டான்ஸ் பீட்டைக் கலந்திருக்கியே, துக்கத்தை வேடிக்கையாக்குறது சரியா?"

"சாவு வீட்ல நம்ம ஆடலியா மாமா? தாத்தா செத்தப்ப நீதான முன்னால ஆடுன?"

ஆடினேன். அப்பாவைத் தூக்கிட்டுப் போனப்ப சுடுகாடு வரைக்கும் ஆடினேன். அதை நான் மறந்தே போயிருந்தேன். சாவு வீட்டில் ஆடக்கூடாது, அமைதியாக அழ வேண்டும் என்பது எவர் வீட்டு ஒழுக்கம்? அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பாட்டை அளந்திருக்கிறேன். நோட்டுல அந்த வரியை அடிச்சேன். தப்பு சொல்ல வர்றவன் தன் தப்பையும் கேக்கத் தயாரா வரணும். இல்லேன்னா அது பஞ்சாயத்துல உக்காந்து தீர்ப்பு சொல்ற வேலை.

ஒரு விசயம் மட்டும் எனக்குப் பிடிபடல. தப்பு சத்தம் மந்தமா, சாக்குக்குள்ள அடிக்கிற மாதிரி இருந்துச்சு. அவனும் அதைச் சரிபண்ணக் கம்ப்யூட்டர்ல மேல்சத்தத்தை ஏத்தி ஏத்திப் பார்த்திருக்கான். கரகரன்னு ஆச்சே தவிர கணீர்னு வரல. அந்த அடியை அடிச்சவர் எங்க தெருப் பெரியவர், அப்பாவோட ஜமாவுல இருந்தவர். ரெண்டு பேரும் அவர்கிட்டப் போனோம். செல்லைக் காதுல வச்சுக் கேட்டவர் பத்து விநாடியில சொல்லிட்டார்.

"தோலு காயலடா. மழைக்குப் பொறவு வந்து அடிக்கச் சொன்ன. காய்ச்சாம அடிச்சா இப்படித்தான் பேசும்." இன்னும் கொஞ்சம் கேட்டுட்டு, "இது ஏன் கை நேரா நடக்குது? எங்கை இப்படி நடக்காதே"ன்னாரு.

மருமகனுக்கு முகம் மாறிப்போச்சு. பெரியவர் கை கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதை இவன் திரையில இருக்கிற கட்டங்களுக்கு இழுத்து, ஒவ்வொரு அடியையும் நேராக்கியிருந்தான். சாஃப்ட்வேர்ல அது ஒரு பொத்தான். நான் மூணு நாள் ஹெட்போன் மாட்டிக் கண்டுபிடிக்காததை அவர் நின்ன நெலையில கண்டுபிடிச்சார்.

எங்க மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. மாணாக்கர்களுக்காகச் சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமுண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர்தான். உடும்புத் தோல் மேடையேறியது. மாட்டுத் தோலைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். தப்படிக்குப் பாறையும் இல்லை, ஏடும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அது எப்படிப் பிழைத்து வந்தது? ஜமாவில் நின்று அடிக்கிறவனைப் பார்த்துப் பக்கத்திலிருக்கிறவன், "எறங்கிப் போச்சு, காய்ச்சு", "முந்துற, நில்லு" என்று சொல்லிச் சொல்லித்தான் வந்தது. கேட்டுச் சொன்ன வாய்தான் எங்களுக்குக் கல்வெட்டு.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு இருந்தார். 2005இல் இறந்துபோனார். நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டிச் சேரிகளுக்குக் கொண்டுபோனவர். சனங்கள் பாடும்போது மெட்டையும் சொல்லையும் மாற்றினால், அதைக் கெடுத்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. அப்படி மாற்ற முடிவதுதான் நாட்டுப்புற இசையின் பலம் என்பது அவர் கருத்து. விமர்சனம் என்பதற்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கேட்கிறவனும் அந்தப் பாட்டைச் செய்கிறவனாகிறான்.

ஆனா செஞ்சவன் பேரு அழியக் கூடாது. கடைசியா மருமகன்கிட்டக் கேட்டேன், "பெரியவர் பேரு போட்டியா?" போடல. அவனுக்குத் தோணல. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. அதை எழுதிப் பாடிய அறிவு இல்லாமலேயே ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டைப்படம் போட்டது. அதுக்காக அன்னிக்குக் கொதிச்சவன் இவன். நம்ம வீட்டுக்குள்ளயே அதைச் செஞ்சா என்ன நியாயம்? இது மிக்ஸ்ல இருக்கிற தப்பு இல்ல. ஆனா இதையும் சொல்லாத விமர்சனம் பாதி விமர்சனந்தான்.

மாசி மாசம் நல்ல வெயில்ல மறுபடியும் பதிவு பண்ணினோம். வைக்கோலைக் கொளுத்திப் பெரியவர் தப்பைக் காய்ச்சினார். சுண்டிப் பார்த்துட்டு மறுபடியும் காட்டினார். நான் வைக்கோல் எடுத்துக் குடுத்தேன். நெருப்பு அணைஞ்சப்ப, "புடிடா"ன்னு தப்பை என் கையில குடுத்துட்டுத் துண்டால முகத்தைத் துடைச்சார். அடிக்கத் தெரியாது, சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னேன். தோல் சூடா இருந்துச்சு. எனக்கு அப்ப வயசு அம்பத்தி மூணு.

புதுப் பதிவுல பெரியவர் கை எப்படி நடந்துச்சோ அப்படியே விட்டிருக்கான். அம்பேத்கர் குரலை எடுத்துட்டு, அந்த இடத்துல தண்ணி சொட்டுற சத்தத்தை மட்டும் நிறுத்தியிருக்கான். சாவு அடியில டான்ஸ் பீட்டு அப்படியேதான் இருக்கு. பெரியவர் பேரு முதல்ல, அவன் பேரு அடுத்து.

2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறினப்ப, செல்லுல பார்த்து இங்க துள்ளினவன் இவன். இப்ப இவனை மாதிரி பசங்க ஊருக்கு ஒருத்தன் இருக்கான். பழைய லேப்டாப்பு, ஓசி நெட்டு, ராத்திரியெல்லாம் முழிப்பு. அவங்க நம்மகிட்ட வந்து கேக்கும்போது 'எழுச்சி மிக்க படைப்பு'ன்னு சொல்லி அனுப்பிடாதீங்க தோழர்களே. நம்ம இதழ்கள்ல வர்ற மதிப்புரைகளுக்கும் இதைச் சேத்துத்தான் சொல்றேன். முழுசாக் கேளுங்க. என்ன செய்ய நெனச்சான்னு கேளுங்க. எது நிக்குதுன்னு சொல்லுங்க. எந்த விநாடியில எறங்குதுன்னு சொல்லுங்க. பிடிக்காதது வேற, தப்பு வேற, பிரிச்சுச் சொல்லுங்க. திருத்துறதை அவன் கையில விட்டுருங்க.

நேத்து ராத்திரி கடைசி மிக்ஸ் அனுப்பியிருக்கான். மூணு தடவை கேட்டேன். ரெண்டு அம்பதுல கிக்கு இன்னும் லேசா ஏறுது. எழுதி அனுப்பிட்டேன்.