வலி பேட்ச்: வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது



போன வாரம் ஆவடியில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், மாமனார் தவறிட்டார். அவருக்கு ஒட்டின வலி பேட்ச் ரெண்டு பிரிக்காம இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி தாங்கல. ஒண்ணு ஒட்டி விடலாமா?" என்றான். அட்டையில் என்ன பெயர் என்று கேட்டேன். ஃபென்டனில் என்று படித்தான். "ஒட்டாதேப்பா, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வை, மாமனாருக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்க் கொடு" என்று சொன்னேன். அவனுக்குச் சொன்ன காரணம் உங்கள் எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

என் அக்காவைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, இப்போது அம்பத்தூரில் எங்களோடுதான் இருக்கிறார். மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றில் தங்கவில்லை, வாந்தி. அதன் பிறகுதான் மருத்துவர் இந்த பேட்சுக்கு மாற்றினார். இரண்டாம் நாள் இரவு அக்கா ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். மூன்று மாதத்தில் அது முதல் முறை. அதனால் இந்த மருந்தை நான் குறை சொல்லவே மாட்டேன். அதைப் பற்றித் தெரியாமல் கையாளக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

பார்க்க பிளாஸ்திரி மாதிரி இருக்கும். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மருந்துக்கடையில் நாம் பார்க்கும் டைக்ளோஃபினாக் பேட்ச் வேறு. அதை வலிக்கிற இடத்திலேயே ஒட்டுகிறோம். வேலையும் பெரும்பாலும் அங்கேதான். (அதற்கும் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.) ஃபென்டனில், பியூப்ரினார்ஃபின் பேட்ச் மார்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வகுப்பில் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றி, கடைசி பெஞ்சுக்கு வாசனை எப்போது வருகிறது என்று பார்க்கச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே விரவல்தான். மருந்து தோல் வழியாக மெதுவாக இறங்கி, இரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போய் வலியைத் தணிக்கிறது. ஆகவே வலி இடுப்பில் இருந்தாலும் இதை நெஞ்சின் மேல்பகுதி, மேல்முதுகு, மேல்கை போன்ற இடங்களில்தான் ஒட்டுவார்கள்.

மெதுவாக இறங்குவதால் ஒட்டியவுடன் வலி குறையாது. முதல் பேட்ச் வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். "ஒண்ணு போதல, இன்னொண்ணு ஒட்டு" என்று அவசரப்படுவது ஆபத்து. பிய்த்து எடுத்த பிறகும் தோலுக்குள் சேர்ந்த மருந்து தொடர்ந்து இறங்கும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

மாணவனின் அம்மாவுக்கு ஏன் கூடாது? இந்த வகை மருந்துக்கு ஏற்கெனவே பழகிய உடம்புக்குத்தான் ஃபென்டனில் பேட்ச். பழகாத ஒருவருக்கு ஒட்டினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகலாம். ஒருவருக்கு எழுதிய பேட்ச் இன்னொருவருக்கு விஷம்.

அடுத்தது சூடு. நம் வீடுகளில் வலி என்றாலே ஒத்தடம்தான். அக்காவைப் பார்க்க வந்த சித்தி, பாசத்தோடு வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து முதுகில் வைக்கப் போனார். என் மனைவி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸ் ஆனால் இரத்தத்தில் ஃபென்டனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே வெந்நீர்ப் பை, மின்சார ஒத்தடப் பை, கொதிக்கக் கொதிக்கக் குளியல், மொட்டை மாடி வெயில் எதுவும் வேண்டாம். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள். நம் பக்கத்து மே மாத வெயிலில், கரண்ட் போன மத்தியானத்தில் நோயாளியை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் படுக்க வைக்காதீர்கள்.

ஒட்டும் விதம்: வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். சோப்பு, எண்ணெய், பவுடர் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பில் ஒட்டாது. முடி இருந்தால் கத்தரிக்கலாம், சவரம் வேண்டாம். உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள். கத்தரிக்கோலால் பாதியாக வெட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்தோமா என்று பாருங்கள். முடிந்ததும் கையைத் தண்ணீரில் கழுவுங்கள்.

ஃபென்டனிலுக்கு 72 மணி நேரம். திங்கள் காலை 8 மணிக்கு ஒட்டினால் வியாழன் 8 மணி, பிறகு ஞாயிறு, பிறகு புதன். கிழமை மாறிக்கொண்டே இருப்பதால் மறந்துபோகும். நாங்கள் தினசரி காலண்டரில் அந்தந்தத் தாளின் மூலையை முன்கூட்டியே மடித்து வைக்கிறோம். பியூப்ரினார்ஃபின் பெரும்பாலும் 7 நாளைக்கு ஒன்று. உங்களுக்கு எழுதிக் கொடுத்த கணக்கே உங்களுக்குச் சரி.

குழந்தை இருக்கும் வீடுகள் கவனியுங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. குழந்தைகள் தவறுதலாக ஃபென்டனில் பேட்சைத் தொட்டோ வாயில் போட்டோ பாதிக்கப்பட்ட 26 சம்பவங்களில் 10 குழந்தைகள் இறந்திருந்தார்கள். 16 பேர் இரண்டு வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள். மூன்று நாள் ஒட்டி எடுத்த பேட்சிலும் நிறைய மருந்து மிச்சம் இருக்கும். என் பேரன் பெரிய பாட்டி தோளில் சாய்ந்துதான் தூங்குவான். அதனால் அக்காவுக்குத் தோளில் ஒட்டுவதே இல்லை. மேல்முதுகில், ரவிக்கைக்கு உள்ளே. எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பூட்டி, அடுத்த முறை போகும்போது ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கிறோம். குப்பைக் கூடையில் போடுவதில்லை.

எழுப்பினால் எழாத தூக்கம், மெதுவான அல்லது விட்டு விட்டு வரும் மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, குழறல் இவற்றில் எதைக் கண்டாலும் பேட்சை எடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். "அசந்து தூங்குறாங்க, தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். மது கூடவே கூடாது. தூக்க மாத்திரையும் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு படித்துவிட்டு, "இந்த வம்பே வேண்டாம், வலியைப் பொறுத்துக்கொள்ளட்டும்" என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டில் எத்தனையோ பேர் வலி மருந்து கிடைக்காமல் துடித்திருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் வலி நிவாரண அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடித்தான் 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. நம் மாநிலத்தில் 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை தருவதும் உண்டு. உங்கள் வீட்டில் படுக்கையில் யாராவது இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கூச்சப்படாமல் மருத்துவரிடம் வலியைச் சொல்லுங்கள். மருந்து கிடைத்ததும், நோயாளியைப் பார்க்க வருகிற உறவுகள் உட்பட வீட்டில் எல்லோருக்கும் விவரத்தைச் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்