இரண்டு ரூபாய்

கெட்ட சீட்டு வந்து தோற்றவன் சும்மா இருந்துவிடுவான். நல்ல சீட்டு வந்து தோற்றவன்தான் அந்தக் கதையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். இப்போது நான் உங்களிடம் சொல்வதைப் போல.

அமெரிக்காவில் படிக்கும் அண்ணன் மகன், விடுமுறைக்கு வந்தபோது எங்களுக்குப் போக்கர் சொல்லிக் கொடுத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. கட்டத்துக்குக் கட்டம் பணம் போடலாம். பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். பந்தயம் இரண்டு ரூபாய். ஆறு பேர் உட்கார்ந்தோம். அதில் ஒருவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

எனக்கு இரண்டு ஆஸ் வந்தது. சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும் சீட்டு! எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் நூற்றுக்கு 85 தடவை அது ஜெயிக்கும். ஐந்து பேரும் கடைசிவரை நின்றாலோ, பாதிக்குப் பாதிதான். அன்று எனக்கு அது தெரியாது. அதிகம் கேட்டால் ஓடிவிடுவார்களே என்று சாதுவாக இரண்டு ரூபாய் போட்டேன். எல்லாரும் வந்தார்கள்.

நடுவில் கிளாவர் ராஜா, கிளாவர் எட்டு, டைமன் நாலு. மறுபடியும் இரண்டு ரூபாய் போட்டேன். வாத்தியார் மட்டும் நின்றார். அடுத்தது ஆட்டின் பத்து. அதற்கும் இரண்டு ரூபாய். கடைசிச் சீட்டு கிளாவர் மூன்று. அவர் நிதானமாக இருபது ரூபாயை நகர்த்தினார். ஆபத்து கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஆனால் ஆஸைக் கவிழ்க்க மனம் வருமா? நானும் போட்டேன். அவரிடம் கிளாவர் ஜாக்கியும் ஆறும். ஒரே இனத்தில் ஐந்து! என் ஜோடி செல்லாக்காசாகிவிட்டது.

"இந்தச் சீட்டை நம்பி யாராவது உட்காருவார்களா, சார்?" என்று கேட்டுவிட்டேன். குரலும் நன்றாக இல்லை.

"தம்பி, நீங்கள் இரண்டு ரூபாய்தானே கேட்டீர்கள்?" என்றார். எழுந்து போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை.

"இருபத்தாறு ரூபாய்க்கு ஒரு நல்ல மனிதரைத் தோற்றுவிட்டீர்கள்" என்றாள் மனைவி.

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினான்கு ரூபாய்க்கு ஆசைப்பட அவர் கொடுத்த விலை இரண்டு. காணாத 47 சீட்டில் கிளாவர் ஒன்பது. ஐந்தில் ஒரு வாய்ப்பு. நிற்காமல் இருந்தால்தான் அவர் வாத்தியார் இல்லை. பத்து ரூபாய் கேட்டிருந்தால் கவிழ்த்திருப்பார். வாசலை விரியத் திறந்து வைத்தவன் நான். உள்ளே வந்தவர்மேல் கோபித்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டு, "கணக்கு சரிதான்" என்றார்.

போன ஞாயிறு எனக்கு ராஜா ஜோடி வந்தது. துணிந்து இருபது ரூபாய் கேட்டேன். முதலில் கவிழ்த்தவர் வாத்தியார்தான், மற்றவர்களும் கவிழ்த்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் வழக்கமாக இருவர் போட்டு வைக்கும் மூன்று ரூபாய் எனக்குக் கிடைத்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி.

"இந்த ஞாயிறு இருபத்தாறு போகவில்லையே, அம்மா!" என்றார் வாத்தியார்.