மேற்கு அறையின் வண்ணம்

வீட்டுக்கு வண்ணம் பூசுதல் எளிய செயலென்றே எண்ணியிருந்தேன். அம்மாவின் அறை அவ்வெண்ணத்தைக் கலைத்தது.

உக்கடத்தை அடுத்த எங்கள் பழைய வீட்டின் மேற்கு அறை அது. அத்தா இருந்தவரை ஆண்டுதோறும் சுண்ணாம்புதான். வெண்மை எடுப்பாகத் தெரியச் சிறிது நீலமும் கலப்பார். அவருக்குப்பின் முதன்முறையாகப் பெயின்ட் அடிக்க முடிவு செய்தபோது, சித்திரை வெயிலை நினைந்து வெளிர்நீலம் என்றேன் நான். இளமஞ்சள் என்றார் அம்மா. கடைக்காரர் தந்த வண்ண அட்டையோ நீலத்தைக் குளிர்ந்த நிறமென்றும் மஞ்சளை வெம்மை நிறமென்றும் வகுத்து, என் பக்கமே பேசியது.

நிறத்துக்கு ஏது வெம்மை? கறுப்பு, சிவப்பு என்னும் சொற்களுக்கு வெகுளிப் பொருளும் உண்டென்கிறது தொல்காப்பிய உரியியல். நிறத்தில் மனத்தைக் காண்பது நமக்குப் புதிதன்று. வெப்பமானி மட்டும் அதற்கு இணங்குவதில்லை. உட்சுவரில் வெளிர்நீலம் பூசினாலும் இளமஞ்சள் பூசினாலும் அறையின் சூடு ஏறத்தாழ ஒன்றே. வெயிலின் சூடு பெரிதும் மேல்தளம், வெளிச்சுவர், சன்னல் வழியாகவே இறங்குகிறது. மொட்டை மாடியில் வெண்சுண்ணாம்பு பூசினால் அது வெயிலின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

கோவையின் மேற்கு அறைக்கு ஒரே குணமும் கிடையாது. சித்திரையில் அடுப்பாய்க் கனலும் அதே அறையில், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புகுந்து போர்வை தேட வைக்கும். சுவரின் நிறமோ ஆண்டு முழுமைக்கும் ஒன்றே.

பெயின்டர் இரு நிறங்களையும் சுவரில் முழ அகலத்துக்குப் பூசிக் காட்டினார். என் கண்ணுக்கு நீலம் அழகாகத்தான் இருந்தது. மாலையில் அம்மாவை அழைத்தேன். “இதென்ன தம்பி, அழுக்குத் துணியாட்டம் இருக்குது?” என்றார். அப்போதுதான் உறைத்தது. முதுமையில் விழியின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியையே மிகுதியாகத் தடுத்துவிடும். அம்மாவுக்குக் கண்புரையும் இருந்தது. அவருடைய சுவரை என் கண்கொண்டு தேர்ந்திருக்கிறேன்!

இளமஞ்சளே பூசினோம். அவர் தடவித் தேடாதிருக்கக் கதவு நிலைக்கும் சுவிட்சுப் பலகையின் ஓரத்துக்கும் அடர்பழுப்பு, மாடிக்குச் சுண்ணாம்பு.

மறு ஆண்டு அம்மாவுக்குப் புரை நீக்கும் அறுவை நடந்தது. கட்டு அவிழ்த்து வீடு திரும்பியவர் சன்னல் வழியே வானத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். பின்பு சுவரைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, நீ சொன்ன நீலத்தையே அடிச்சிருக்கலாமே?”