சின்னக் கைக்கு ஒரு கிட்டார்

கோடை விடுமுறை விட்டதும் தூத்துக்குடியில் கிட்டார் வாங்குகிற பேச்சு தொடங்கிவிடும். ஜூலை 26-ல் பனிமய மாதா கோயிலில் கொடியேறுகிறது, ஆகஸ்ட் 5-ல் பெருவிழா. அதற்குள் பிள்ளை பாடற்குழுவில் நின்று இரண்டு பாட்டுக்காவது வாசித்துவிட வேண்டும் என்று வீட்டில் ஆசை. திரேஸ்புரத்திலிருந்தும் லூர்தம்மாள்புரத்திலிருந்தும் என்னிடம் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் கிட்டாரை வாங்கிவிட்டுத்தான் வருவார்கள். பெரிய வயிறு வைத்த மரக் கிட்டார். பத்து வயதுப் பிள்ளை அதை மடியில் வைத்தால் வலது தோள் காதுவரை ஏறிவிடும், மோவாய் மரத்தில் இடிக்கும். விரல் எந்தக் கம்பியில் இருக்கிறது என்று பார்க்கக் கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்க வேண்டும்.

“மொதல்ல இதுல படிக்கட்டும் மாஸ்டர். கை பழகுனப்புறம் எலெக்ட்ரிக் வாங்கிக் குடுத்துருவோம்.”

மரக் கிட்டார் தொடங்குகிறவர்களுக்கு, எலெக்ட்ரிக் தேறியவர்களுக்கு என்ற எண்ணம் ஊரில் வேரோடியிருக்கிறது. நான் நேர்மாறாகத்தான் சொல்லி வருகிறேன். சின்னப் பிள்ளைக்கு முதல் கிட்டாரே எலெக்ட்ரிக்காக இருக்கட்டும். அதுவும் அந்தப் பிள்ளையின் கைக்கும் மடிக்கும் பொருந்துகிற எலெக்ட்ரிக்.

மரக் கிட்டாரில் வழக்கமாகப் போடும் எஃகுக் கம்பிகளில் மிக மெல்லியது 0.012 அங்குலத் தடிமன். எலெக்ட்ரிக்கில் 0.009. எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத வித்தியாசம். ஆனால் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு மரக் கிட்டாரில் 70 கிலோவைத் தாண்டும், எலெக்ட்ரிக்கில் 40 கிலோவுக்குள் அடங்கும். அந்த இழுப்பை எதிர்த்துத்தான் பிள்ளையின் விரல்நுனி அழுத்த வேண்டும். நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு மென்மையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் முழு அளவுக் கிளாசிக்கலின் நெக் தலைப்பக்கத்தில் 52 மில்லிமீட்டர் அகலம். எலெக்ட்ரிக்கில் 42, 43 தான். அந்தப் பத்து மில்லிமீட்டரைச் சுற்றிப் பிடிக்கச் சின்னக் கட்டைவிரலால் முடியாது.

ஒரு தகப்பனாரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வல்லத்தில் வலை இழுத்து இழுத்து விரல்களின் அடியில் மஞ்சளாகக் காய்ப்பு ஏறிய கை. “கை காய்ச்சாத்தான மாஸ்டர் தொழில் படியும்?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கடலில் பிழைக்கிறவர்களுக்கு வலி என்பது படிப்பின் ஒரு பகுதி. கிட்டாரிலும் விரல்நுனி காய்க்கத்தான் வேண்டும், காய்க்கும். வாசித்து வாசித்துக் காய்க்க வேண்டும். கம்பியோடு மல்லுக்கட்டி, ஒரு ஸ்வரமும் தெளிவாக எழும்பாமல், வெறும் வலி மட்டும் மிஞ்சினால் பத்தாம் நாள் பிள்ளை கிட்டாரைத் தொடாது. அப்போது வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதப்படும்: ‘அவனுக்கு வரல.’ எனக்குத் தாங்க முடியாத சொல் அது. பொருந்தாத கட்டையும் உயர்ந்து நிற்கும் கம்பியும் செய்த வேலைக்குப் பிள்ளையின் தலையில் பழி விழுகிறது. அந்தத் தீர்ப்பைப் பிள்ளையும் நம்பிவிடுகிறது, வளர்ந்த பிறகும் நம்புகிறது.

எலெக்ட்ரிக்கின் இன்னொரு அருமை எங்கள் ஊர்த் தெருக்களில்தான் தெரியும். திரேஸ்புரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. விடிவதற்கு முன்பே கடலுக்குப் போகிற ஆள் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். பிள்ளை வீட்டுப்பாடம் முடித்துக் கிட்டாரை எடுப்பதும் அந்த நேரத்தில்தான். மரக் கிட்டார் என்றால், “ஏல, அதை வைச்சிட்டுப் படு” என்று சத்தம் வரும். எலெக்ட்ரிக்கை ஆம்ப்பில் சொருகாமல் வாசித்தால் அடுத்த அறைக்குக் கேட்காது. பிள்ளை தனக்குத் தானே கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் வசதியுள்ள சின்ன ஆம்ப் இருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கரைக்குக் கிட்டார் ஓசை புதிதல்ல. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட கரை இது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும், ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் கல்யாண வீடுகளில் ஒலித்த காலத்தை எங்கள் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இலங்கையின் பைலா இசைத் துள்ளல் அந்தப் பாட்டுகளோடுதான் கடல் தாண்டி வந்தது. பிறகு இளையராஜாவின் பாட்டுகளில் கிட்டார் வந்து எல்லார் காதிலும் உட்கார்ந்துகொண்டது. கேட்கிற ஆசை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கைக்குப் பொருந்தும் கருவிதான் வெகுகாலம் கிடைக்கவில்லை.

பொருந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை விட வேறு சான்று வேண்டியதில்லை. 1969-ல் ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்தவர். மரபான மாண்டலினில் சோடி சோடியாக எட்டுக் கம்பிகள். தட்டினால் ஒலி சட்டென்று அடங்கிவிடும், கமகத்துக்கு நிற்காது. அவர் எடுத்துக்கொண்டது எலெக்ட்ரிக் மாண்டலின். சோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். சின்ன உடல், குட்டை நெக், லேசான அழுத்தத்துக்கே நீண்டு ஒலிக்கும் கம்பி. 1981-ல் சென்னையில் அவர் முதல் கச்சேரி செய்தபோது வயது பன்னிரண்டு. கருநாடக இசை மேடையில் யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு கருவி சில வருடங்களில் அங்கே நிலைத்துவிட்டது. அந்த மேதைமை அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கருவி அந்தச் சின்னக் கையைத் தடுக்கவில்லை என்பதையும் நான் சேர்த்தே நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கே உடம்பு நோகாத கிட்டார் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் முதலில் செய்த டெலிகாஸ்டர் ஒரு தட்டையான பலகை. அதன் ஓரம் விலாவிலும் முன்கையிலும் அழுத்துகிறது என்று வாசிப்பவர்கள் முறையிட்டார்கள். ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ, வாசிக்கிறவர்கள் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டார். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வயிறு படும் பின்பக்கத்தையும் முன்கை படும் மேல் ஓரத்தையும் சரித்துச் செதுக்கியிருந்தார்கள். இன்றைக்குக் கடையில் தொங்கும் மலிவான கிட்டார்களில்கூட அந்தச் சரிவு இருக்கிறது. ஒல்லியான பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். கிப்ஸன் லெஸ் பால் வகையில் பெரும்பாலும் அது கிடையாது, எடையும் நாலு கிலோ வரும். பிள்ளைக்கு மூன்று கிலோவே போதும்.

அடுத்தது நீளம். தலைப்பக்கத்து நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். ஸ்ட்ராட்டுக்கு 25.5 அங்குலம், லெஸ் பாலுக்கு 24.75. ஃபெண்டர் 1964-ல் மாணவர்களுக்கென்று கொண்டுவந்த மஸ்டாங்குக்கு 24. ஸ்குவையர் மினிக்கு 22.75, ஐபனெஸ் மிக்ரோவுக்கு 22.2. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். ஸ்ட்ராட்டில் முதல் நாலு ஃப்ரெட்டும் சேர்ந்து சுமார் 134 மில்லிமீட்டர் என்றால் மிக்ரோவில் 116. சின்ன விரல் அகன்று எட்ட வேண்டிய இடத்தில் பதினெட்டு மில்லிமீட்டர் மிச்சம் என்பது ஒரு விரலின் அகலம். ஸ்கேல் குறைந்தால் அதே கம்பியின் இழுப்பும் குறையும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 22 அங்குலத்தை ஒட்டிய கிட்டார். பதினொன்று, பன்னிரண்டு ஆகிக் கை கொஞ்சம் நீண்டிருந்தால் 24. அதற்கு மேல் முழு அளவே சரியாக இருக்கும். வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடையில் பிள்ளையை முதுகில்லாத முக்காலியில் உட்கார வைத்து, கிட்டாரை மடியில் வைத்து, இரண்டு கையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். தலைப்பக்கம் கீழே சரிந்தால், வாசிக்கிற நேரமெல்லாம் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும். பிறகு முதல் ஃப்ரெட்டில் ஒவ்வொரு கம்பியாக அழுத்தச் சொல்லுங்கள். அங்கேயே விரல் வெளுத்துப்போனால் நட் உயரமாக இருக்கிறது என்று பொருள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். கூடுதலாக இருந்தால் இறக்கித் தரச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக்கில் அது சின்னச் சாவியால் சில நிமிடங்களில் ஆகிற வேலை. மரக் கிட்டாரில் பிரிட்ஜ் எலும்பைக் கழற்றித் தேய்க்க வேண்டும். பத்துப் பதினைந்தாயிரம் கொடுத்து வாங்குகிறவர்கள், கை தேர்ந்த ஒருவரிடம் கம்பி உயரம் சரிசெய்ய ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். பளபளப்பான உறைக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

நெக்கின் ஓரத்தில் கட்டைவிரலை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் மரம் சுருங்கும், உலோக ஃப்ரெட் சுருங்காது. அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டு தோலைக் கீறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி நெக் வளையும், கம்பி உயரும். வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்த்துச் சரிசெய்தால்தான் எங்கள் ஊரில் ஒரு கிட்டார் கைக்கு இதமாக இருக்கும்.

உப்புக் காற்று எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி. உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊரில் புதுக் கம்பி சில வாரத்திலேயே பழுப்பேறிவிடும். துருப்பிடித்த கம்பி அரம் மாதிரி விரலை அறுக்கும். பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் நான் முதலில் கம்பியில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடைக்க வேண்டும். கோட்டிங் கொடுத்த கம்பி விலை கூடுதல், ஆனால் இங்கே அது பல மடங்கு உழைக்கும். ஜாக் சொருகும் துளையிலும் உப்பு பூத்து ஆம்ப் கரகரக்கும். கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் பையில் போட்டு, நாலு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே வைத்தால் அந்தத் தொல்லை பாதி குறையும்.

நெக்கில் 3, 5, 7, 9, 12 ஆகிய ஃப்ரெட்டுகளில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும், விரல் வழி தெரிவதற்காக. மலிவுக் கிட்டாரில் அவை பிளாஸ்டிக். உயர்ந்தவற்றில் உண்மையான முத்துச்சிப்பி ஓடு பதித்திருப்பார்கள். என்னிடம் உள்ள பழைய கிட்டாரைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் அந்தப் பொட்டுகள் இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டும். பிள்ளைகள் கேட்டால் மன்னார் வளைகுடா முத்துப் பார்களைப் பற்றியும், 1961-ல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பைப் பற்றியும், 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டியதைப் பற்றியும் சொல்வேன். அன்றைக்குப் பாடம் கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை.

நிறத்தையும் வடிவத்தையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். “செவப்புதான் வேணும்” என்று அடம் பிடித்தால் சிவப்பே வாங்குங்கள். எடுக்க ஆசைப்பட்டால்தான் தினமும் எடுக்கும். ஒன்றே ஒன்று, அம்பு மாதிரி கூரான வடிவம் மட்டும் வேண்டாம், மடியில் நிற்காமல் வழுக்கும். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலது கைக் கிட்டாருக்கு இழுப்பதும் வேண்டாம். இடது கைக் கிட்டார் கடையில் உடனே கிடைக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். காத்திருந்து வாங்கலாம்.

“சின்னதா வாங்குனா ரெண்டு வருசத்துல வீணாப் போயிருமே மாஸ்டர்” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வீணாகாது. மாணவர்களுக்காகச் செய்த அந்த மஸ்டாங்கைத்தான் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வளர்ந்த ஆளாக மேடையில் மாட்டிக்கொண்டு வாசித்தார். அவரும் இடது கைக் கிட்டார்தான் வாசித்தார். எங்கள் பாடற்குழுவில் ஒரு குட்டிக் கிட்டார் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அவனிடமிருந்து பக்கத்துத் தெரு அத்தை மகளுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் புதுக் கம்பி மாற்றி, உயரம் பார்த்துக் கொடுக்கிறோம். இப்போது வைத்திருக்கிற பெண்ணுக்கு எஃப் கார்டு பிடிபட்டுவிட்டது. இந்தக் கொடியேற்றத்துக்கு அவள் பெரியவர்களோடு நின்று வாசிக்கிறாள். கிறிஸ்துமஸுக்குள் 24 அங்குலத்துக்கு மாறிவிடலாம் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். குட்டிக் கிட்டாரைக் கேட்டு ஒரு பையன் இப்போதே பெயர் கொடுத்துவிட்டான்.