வில்லியனூர் மாதா கோயில்: ஊருக்குத் திருத்தலம்... தெருவுக்குப் பங்கு!

வேப்பம்பூ கொட்டத் தொடங்கிவிட்டது. விடிவதற்கு முன்பே குயில் கூவுகிறது. பனிக்காலத்தில் எட்டாத விலையில் இருந்த மல்லிகை, இப்போது ஒரு முழம் கேட்டால் இரண்டு முழம் தரும் நிலைக்கு வந்துவிட்டது. வில்லியனூர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. மாதா கோயில் கொடியேற்றம் வந்துவிட்டது!

புதுச்சேரி என்றதும் நம் போன் கேலரியில் இருப்பவை கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், பூகன்வில்லா பூ. வார இறுதிக்கு வருகிறவர்களில் பலர், அங்கிருந்து விழுப்புரம் சாலையில் சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் வில்லியனூரில் இறங்குவதே இல்லை. ஆனால், ஈஸ்டர் முடிந்த மறுவாரம் வந்து பாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்தே கூட்டம் உங்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

நிலா குறித்துக் கொடுக்கும் தேதி

வேளாங்கண்ணி என்றால் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. தேதி மாறாது. வில்லியனூர் அப்படியல்ல. ஈஸ்டருக்கு அடுத்து வரும் சனிக்கிழமை இங்கே கொடி ஏறும். அங்கிருந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெரிய தேர்.

ஈஸ்டரின் தேதியோ நிலாவைப் பொறுத்தது. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும். முருகன் கோயில்களில் பங்குனி உத்திரக் காவடி ஆடுவதும் பெரும்பாலும் இந்த நிலவை ஒட்டித்தான். இரண்டு வீட்டிலும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள்!

ஐரோப்பாவில் இது பனி உருகிப் புல் முளைக்கும் வசந்தம். நமக்கோ தலை காயும் வெயில். இருந்தாலும் தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். மல்லிகைக்கும் மாம்பழத்துக்கும் இதுதானே காலம்? பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும் நேரம். வெளியூரில் இருப்பவர்கள் லீவு போட்டு ஊர் திரும்பும் நேரமும் இதுதான். வெயிலை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

கடல் கடந்து வந்த சுரூபம்

1858-ம் ஆண்டு. பிரான்ஸின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் லூர்து என்ற சிற்றூர். விறகு பொறுக்கப் போன 14 வயது ஏழைச் சிறுமி பெர்னதெத், பிப்ரவரி 11 அன்று ஒரு குகையில் மாதாவைக் கண்டதாகச் சொன்னாள். ஜூலை 16 வரை மொத்தம் 18 முறை அந்தக் காட்சி. அவள் மண்ணைத் தோண்டிய இடத்தில் ஊற்று ஒன்று கிளம்பியது. இன்றும் உலகெங்கிலுமிருந்து நோயாளிகள் அந்தத் தண்ணீரைத் தேடிப் போகிறார்கள்.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. வில்லியனூரும் அதற்குள் அடக்கம். பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் இங்கே பணியாற்றினார்கள். லூர்து காட்சி நடந்து 19 ஆண்டுகளிலேயே, 1877-ல், பிரான்ஸிலிருந்து மாதா சுரூபம் கப்பலேறி இங்கே வந்துவிட்டது. ஆசியாவில் லூர்து அன்னைக்கு எழுந்த முதல் திருத்தலம் இது என்பது இந்த ஊரின் பெருமை.

சுரூபம் வந்த கதையை இங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். இறக்கும்போது பெட்டி கைநழுவி விழுந்ததாம். 'போச்சு' என்று பதறித் திறந்து பார்த்தால், சின்னக் கீறல்கூட இல்லையாம். சொல்லும்போது ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியைத் தானே பிடித்திருந்ததுபோலக் கையை நீட்டிக் காட்டுகிறார்கள்.

குளத்தின் முன்னே

நம் ஊர்ப் பழைய கோயில்களில் பார்ப்பதுபோலவே இந்தக் கோயிலுக்கும் ஒரு குளம் உண்டு. லூர்து நகர் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து இதில் கலந்ததாகச் சொல்கிறார்கள். குளத்தைச் சுற்றி மெழுகுவர்த்தி வெளிச்சம். ஒரு தாத்தா பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கித் திருகி, இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைக்கிறார். பக்கத்திலேயே நெற்றியில் குங்குமத்தோடு ஓர் அம்மா கண்மூடி நிற்கிறார். யாரும் யாரையும் 'நீங்க எந்தச் சாமி கும்பிடறவங்க' என்று கேட்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். லூர்து நகருக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். குணமானதாகப் பதிவானவையே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால், மருத்துவக் குழு ஆராய்ந்து, திருச்சபை 'அற்புதம்' என்று முறைப்படி ஏற்றவை இத்தனை வருஷத்தில் சுமார் 70 மட்டுமே. அப்படியென்றால், மாதாவைத் தேடி வருகிற நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்கள் அதே நோயோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

பிறகு ஏன் மறுபடி மறுபடி வருகிறார்கள்? மோர்ப் பந்தலில் நின்ற 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் கேட்டேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். "நோவு போகுதோ இல்லியோ கண்ணு... நோவோட தனியா கெடக்குறதுதான் கொடும. இங்க வந்தா யாராவது 'எப்படி இருக்க'ன்னு கேக்குறாங்க இல்ல?"

தேர் போனபிறகும் இருப்பவர்கள்

இந்தக் கோயிலுக்கு இரண்டு முகம். நம்மைப்போல வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது திருத்தலம். மெழுகுவர்த்தி ஏற்றுவோம், படம் எடுப்போம், பஸ் பிடிப்போம். சுற்றுத் தெருக்களில் இருப்பவர்களுக்கோ இது அவர்களுடைய பங்குக் கோயில். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், கடைசியில் அடக்கப் பூசை என எல்லாம் இங்கேதான்.

பங்கு பல 'அன்பியங்களாக'ப் பிரிந்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) பிறகு உலகம் முழுக்கப் பரவிய சிறு சமூகக் குழுக்களுக்குத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் வைத்த அழகான பெயர் இது. ஒரே தெரு, அடுத்த தெரு என்று சில குடும்பங்கள் சேர்ந்தால் ஓர் அன்பியம். அவ்வப்போது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பைபிள் வாசிப்பார்கள், ஜெபமாலை சொல்வார்கள். அப்படியே யாருக்கு வேலை போனது, யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதும் அங்கே பேச்சுக்கு வந்துவிடும்.

திருவிழா நாள்களில் கூட்டம் சாப்பிட்ட இலையை எடுப்பதும், செருப்புகளைப் பார்த்துக்கொள்வதும், கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் பெயரை மைக்கில் சொல்வதும் இவர்கள்தான். அடையாள அட்டை மாட்டிய கல்லூரி மாணவர் ஒருவரிடம், "தேரை முன்னாடி நின்னு பாத்திருக்கீங்களா?" என்றேன். சிரித்தார். "சின்னப் பையனா இருந்தப்போ அப்பா தோள்ல உக்காந்து பாத்ததுக்கா. இப்பல்லாம் கயிறு புடிச்சுட்டு கூட்டத்தப் பாத்துட்டு நிப்பேன். தேர் பின்னாடி போயிடும்!"

ஒரே படம், இரண்டு ஊர்

மோர்ப் பந்தல் அம்மா, வேலை முடிந்ததும் தன்னோடு ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். நடை தளர்ந்து கட்டிலோடு இருக்கும் ஒரு பாட்டி. மகன் குடும்பத்தோடு பிரான்ஸில். புதுச்சேரியில் இது அபூர்வமல்ல. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த 'சொல்தா' குடும்பங்கள், 1954-க்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்தவர்கள் என, தெருவுக்குச் சில வீடுகளின் வேர் இங்கேயும் கிளை அங்கேயுமாக இருக்கும். ஒரு காலத்தில் அங்கிருந்து மாதா இங்கே வந்தார். பிறகு இங்கிருந்து பிள்ளைகள் அங்கே போனார்கள்.

பாட்டியின் தலையணை ஓரம் போன். திருப்பலி நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. கோயில் மணிச் சத்தம் முதலில் ஜன்னல் வழியாக வருகிறது. சில நொடி கழித்து அதே மணி போனில் அடிக்கிறது. "என் மவனும் அங்க இதையேதான் பாத்துட்டு இருப்பான். எனக்குக் கோயிலு கூப்புடு தூரம். அவனுக்குக் கடல் தாண்டி. ரெண்டு பேருக்கும் இந்தப் பொட்டிதான்" என்றார் பாட்டி. குரலில் வருத்தமா, வேடிக்கையா என்று சொல்ல முடியவில்லை.

ஆனால், இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தேர் அன்று சாயந்திரம் அன்பியத்துப் பையன்கள் நான்கு பேர் வந்து, பாட்டியை நாற்காலியோடு தூக்கித் தெருமுனையில் உட்காரவைப்பார்களாம். போன வருஷமும் அப்படித்தான். "இந்த வருஷம் அதுல ரெண்டு பேர் பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டான். வேற ஆள் பாத்து வெச்சிருக்கேன்" என்றார் மோர்ப் பந்தல் அம்மா, கல்யாண வேலை சொல்வதுபோல. தூக்க ஆள் குறைந்துகொண்டே போகிறது என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. ஒன்பது நாளும் தெருத்தெருவாக அலைந்து அவர் செய்யும் வேலையில் இதுவும் ஒன்று.

இரண்டு தேர் ஓடும் ஊர்

வில்லியனூருக்கு வருகிறவர்கள் தவறவிடக் கூடாத இன்னோர் இடம் திருக்காமீஸ்வரர் கோயில். சோழர் காலத்துப் பழைமை. அம்மன் பெயர் கோகிலாம்பிகை. கோகிலம் என்றால் குயில். இளவேனிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா? மாதா தேர் நிலைக்கு வந்த சில வாரங்களில், வைகாசியில் இந்தக் கோயில் தேர் புறப்படும். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம், இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது.

கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவுக்கு இந்த இரண்டும் ஒரே சீசன். "மாதாவுக்கும் மல்லிதான், அம்மனுக்கும் மல்லிதான். எனக்கு இந்த ரெண்டு மாசந்தான் வட்டி கட்டுற மாசம்" என்றபடி, கை நிற்காமல் தொடுத்துக்கொண்டே இருந்தார்.

மே மாதம் வீடு தேடி வரும்

பெரிய தேர் அன்று இருட்டியதும் மின்விளக்குகளோடு மாதா புறப்படுகிறார். 'மரியே வாழ்க' என்ற குரல் முன்னாலிருந்து பின்னால் அலைபோல வருகிறது. பூ எறிகிறார்கள். மாடியில் போன்கள் உயர்கின்றன. மறுநாள் கொடி இறங்கும், கடைகள் காலியாகும், நாமும் போய்விடுவோம்.

பங்குக்கு வேலை அதோடு முடிவதில்லை. கத்தோலிக்கர்களுக்கு மே மாதம் மாதாவுக்கு உரிய மாதம். ஐரோப்பாவில் வசந்தப் பூக்களை மாதாவுக்குச் சூட்டிய பழக்கத்திலிருந்து வளர்ந்த வணக்கம் இது. 1965-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த மே வணக்கத்தைப் பற்றித் தனிச் சுற்றுமடலே எழுதினார். நம் ஊர்களில் அது ஜெபமாலையாக, சாயந்திர வேளையில், தெரு வீடுகளுக்கு வருகிறது. பாய் விரிப்பார்கள். கடைசியில் சுண்டலோ, பாயசமோ ஒரு டம்ளர் கிடைக்கும். பாட்டி வீட்டுக்கான நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவரை யாரும் தூக்க வேண்டியதில்லை. தெருவே அவர் கட்டிலைச் சுற்றி உட்காரும்.

எப்படிப் போகலாம்?

புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து விழுப்புரம் வழித்தடப் பேருந்துகள் வில்லியனூர் வழியாகப் போகும். விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதையில் வில்லியனூருக்கு நிலையமும் இருக்கிறது. 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. அந்தக் கணக்கில் கொடியேற்றம் ஏப்ரல் 3, தேர் ஏப்ரல் 11. புறப்படும்முன் கோயில் அலுவலகத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் நடுவில் ஒரு வார நாள் மாலையில் போகலாம். வெயிலுக்குத் தொப்பி, குளத்துத் தண்ணீருக்கு ஒரு பாட்டில் போதும். மோர்ப் பந்தலில் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, கொடுத்தவரிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள்.