அடுப்பைத் திருப்பிப் பாருங்கள்!

குடும்பத்தோடு மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்குவது இப்போது நம் பக்கமும் சகஜமாகிவிட்டது. கொல்லிமலை, ஏலகிரி, கொடைக்கானல் என்று எங்கே போனாலும் வரிசையாகக் கூடாரம் போட்டு, மெத்தை, போர்வை, ஒரு லைட், ஒரு பிளக் பாயின்ட் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், பெரும்பாலான இடங்களில் ராத்திரிச் சாப்பாடு கைக்கு வர ஒன்பதரை மணி ஆகிவிடும். கேம்ப் ஃபயர், பாட்டு, ஆட்டம் எல்லாம் முடிந்த பிறகுதான் பந்தி.

எங்கள் அப்பாவுக்கு அது ஒத்துவராது. வயது 74. இருபது வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி, அரை மணியில் சாப்பாடு என்பது டாக்டர் போட்டுக்கொடுத்த கணக்கு. சாப்பாடு தள்ளிப்போனால் வேர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிடும். பல் செட் வேறு. ஆறிப்போன சப்பாத்தியைக் கொடுத்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். குழைந்த ரவைக் கஞ்சியோ, சூடான கிச்சடியோ வேண்டும்.

கட்டிக்கொண்டு போகிற இட்லி முதல் ராத்திரிக்குச் சரி. இரண்டாவது ராத்திரிக்கு? அதனால் ஒவ்வொரு முறையும், "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்பார். அப்பா வரவில்லை என்றால் அம்மாவும் வர மாட்டார். தாத்தா, பாட்டி இல்லாத போட்டோக்களே எங்கள் வீட்டில் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு சின்ன கரன்ட் அடுப்பு இருந்தால் இருவரையும் கூட்டிப் போகலாமே என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

"கேஸ் அடுப்பே எடுத்துட்டுப் போயிடலாமே" என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் சின்ன வயதில் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் வேனில் போகும்போது பம்ப் ஸ்டவ்வும் மண்ணெண்ணெய் கேனும் கூடவே வரும். மரத்தடியில் அடுப்பைப் பற்றவைத்து அம்மா உப்புமா கிண்டுவார். அதெல்லாம் திறந்தவெளியில். மூடிய இடத்தில் நெருப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் பார்த்தோம். லக்னோவில் இருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். கூடாரம் அதைவிட மோசம். நைலான் துணி நொடியில் உருகும். தீப்பிடிக்காவிட்டாலும், கரி அடுப்போ கேஸோ மூடிய கூடாரத்துக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதோ சட்டப்படியே குற்றம்.

ஆகவே கரன்ட் அடுப்புதான் என்று முடிவு செய்து கடைக்குப் போனோம். அப்பாவையும் கூட்டிப் போனேன். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கடைக்காரர் பளபளவென்று ஓர் இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்து வைத்தார். "2000 வாட் மேடம். வாட் எவ்வளவு கூடவோ அவ்வளவு சீக்கிரம் சமையல் முடியும்" என்றார்.

அப்பா அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்படியே கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "ஏம்மா, அந்தக் கூடாரத்துல இருக்கறது என்ன பாயின்ட்?" என்று கேட்டார்.

அங்கிருந்தே முகாமுக்கு போன் போட்டேன். "செல்போன் சார்ஜ் போடற பாயின்ட் இருக்கு மேடம்" என்றார்கள். "பெரிய மூணு பின் பாயின்ட்?" "அது கிச்சன்ல மட்டும்தான்."

"அப்ப இது வேணாம்" என்று அடுப்பை நிமிர்த்தி வைத்தார் அப்பா. பிறகு கடைக்காரருக்கும் சேர்த்து விளக்கினார். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். சின்ன பாயின்ட் 6 ஆம்ப் வரைதான் தாங்கும், அதாவது 1380 வாட். பெரிய பாயின்ட் 16 ஆம்ப், அதாவது 3680 வாட். 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 8.7 ஆம்ப் இழுக்கும். சின்ன பாயின்டில் செருகினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போகாவிட்டால் ஒயர் சூடேறும். "ஃபியூஸ் போறது நல்லது. போகாம இருந்தாத்தான் பயப்படணும்" என்றார்.

இண்டக்‌ஷனில் வாட்டைக் குறைத்து வைக்கலாமே என்று நான் கேட்டேன். வைக்கலாம்தான். ஆனால் பேரனின் விரல் பட்டு ஒரே அழுத்தில் அது 2000க்குப் போய்விடுமே என்றார். இன்னொன்றும் உண்டு. பல இண்டக்‌ஷன் அடுப்புகளில் 300 வாட் என்று வைத்தாலும் உண்மையில் 300 வாட் தொடர்ந்து ஓடாது. சில நொடி பெரிய வேகத்தில் எரிந்து, சில நொடி நின்று, சராசரியாகத்தான் 300 வரும். போதாததற்குப் பாத்திரம் காந்தம் ஒட்டும் ரகமாக இருக்க வேண்டும். அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். அம்மாவின் பழைய அலுமினிய பிரஷர் குக்கர் அதில் வேலைக்கு ஆகாது.

குக்கரை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. பருப்பு வேக வெகுநேரம் ஆகும். மலையில் பிரஷர் குக்கர்தான் துணை.

அடுத்து, சுருள் வெளியே தெரியும் காயில் அடுப்பு. எந்தப் பாத்திரமும் வைக்கலாம், விலையும் குறைவு. ஆனால் பால் பொங்கிச் சுருளில் வழிந்தாலோ, சுருளில் பாத்திரம் உரசினாலோ ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு. ஈரப் புல் தரையில் அது வேண்டாம் என்று ஒதுக்கினார் அப்பா.

என் மகன் விடவில்லை. "தாத்தா, பவர் ஸ்டேஷன் வாங்கலாம். பாயின்ட்டே தேவையில்லை" என்றான். பெரிய பவர் பேங்க் மாதிரி இருக்கும் பேட்டரிப் பெட்டி அது. அதற்கும் தாத்தாவிடம் கணக்கு இருந்தது. "அதுல ரெண்டு நம்பர் பார்க்கணும்டா. எவ்வளவு சேர்த்து வைக்கும்ங்கறது ஒண்ணு. ஒரே நேரத்துல எவ்வளவு கொடுக்கும்ங்கறது இன்னொண்ணு." 500 வாட்-அவர் பெட்டி 1000 வாட் அடுப்பை, நஷ்டமே இல்லை என்று வைத்தாலும், அரை மணிதான் எரிக்கும். அந்தப் பெட்டி ஒரே நேரத்தில் 500 வாட்தான் கொடுக்கும் என்றால் அடுப்பு எரியவே எரியாது. காரில் சிகரெட் லைட்டர் துளை இருக்கிறதே என்றான். அதில் கிடைப்பது பொதுவாக 120 முதல் 180 வாட்தான். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, சூடு துளியும் வீணாகாவிட்டாலும் சுமார் 87 வாட்-அவர் வேண்டும். 120 வாட்டில் அதற்கு முக்கால் மணி நேரம். தாத்தாவின் ஊசி அதுவரை காத்திருக்காது.

கடைசியில் நாங்கள் வாங்கியது, கடையின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றை. சுருளை இரும்புத் தட்டால் மூடிய 1000 வாட் ஹாட் பிளேட். ஐ.எஸ்.ஐ. முத்திரை, எர்த்தோடு மூன்று பின் பிளக், கெட்டியான ஒயர். இழுப்பது நாலரை ஆம்புக்குள். யார் எந்தத் திருகைத் திருகினாலும் அதைத் தாண்டாது. குக்கரும் வைக்கலாம், வாணலியும் வைக்கலாம். குறை இல்லாமல் இல்லை. சூடேற நேரம் எடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அணைத்த பிறகும் வெகுநேரம் சூடாகவே கிடக்கும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது ஆறும் வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை மகனுக்கு.

இதுவரை மூன்று பயணம் போய்விட்டோம். அப்பா போட்ட சில சட்டங்கள் இருக்கின்றன. கூடாரத்துக்குள் அடுப்பு ஏறக் கூடாது. வெளியே, நனையாத சமதளத்தில்தான் சமையல். முகாமின் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்தச் சின்னப் பெட்டிதான். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் கூடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டுமென்றால் கனமானதாக இருக்க வேண்டும். சுருட்டியபடி இல்லாமல் முழுதாகப் பிரித்துப் போட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, அடுப்பை நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் சமையல் அத்தோடு முடிந்தது. ரயிலில் சார்ஜ் போடும் பாயின்டில் அடுப்பு, கெட்டில் எதையும் செருகவே கூடாது.

இரண்டாவது பயணத்தில், பக்கத்துக் கூடாரத்தில் யாரோ பெரிய கெட்டிலைச் செருக, அந்த வரிசை முழுக்க இருட்டாகிவிட்டது. இருட்டில் டார்ச்சோடு முகாம்காரரின் பின்னால் போர்டு வரை போய், எந்த சுவிட்ச் விழுந்திருக்கிறது என்று காட்டிவிட்டு வந்தவர் அப்பாதான். அதன் பிறகு அந்த முகாமில் அவர் பெயர் 'ஈ.பி. தாத்தா'. மற்றக் கூடாரத்துக்காரர்கள் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு வந்து சந்தேகம் கேட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒதுங்கியவர், அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தார்.

அன்றும் ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்கு ரவைக் கஞ்சி. கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் கறிவேப்பிலை. கேம்ப் ஃபயரில் பாட்டுத் தொடங்கும்போது அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டு முடித்து, முன்வரிசை நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஏற்காடு என்று பேச்சு. முகாமின் போட்டோக்களைப் பிள்ளைகள் போனில் காட்டினார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்த அப்பா, என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாயின்ட் எத்தனை ஆம்ப்னு கேட்டியாம்மா?"